கம்பெனி செலவில் கனடா: ஸ்பான்சர் கடிதம் எழுதியவனின் குறிப்புகள்

கம்பெனியே செலவு செய்கிறது என்றால் கனடாவில் படிப்பதற்கான அனுமதி, அதாவது ஸ்டடி பெர்மிட், சுலபமாக வந்துவிடும் என்று நம்மூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் காட்டுகிற பணத்தைவிட ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் லெட்டர்ஹெட்டுக்கு மதிப்பு அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். நான் கோவையில் நடுத்தர அளவு ஃபவுண்டரி ஒன்றில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். எங்கள் குவாலிட்டி பிரிவுப் பையன் ஒருவனுக்காக இந்தக் காகிதங்களையெல்லாம் தயார் செய்தபோது எனக்குப் புரிந்தது நேர் எதிரான விஷயம். மகன் படிப்புக்கு அப்பா செலவு செய்தால் ஏன் என்று எவனும் கேட்க மாட்டான். கம்பெனி செலவு செய்தால் முதல் கேள்வியே அதுதான். உங்களுக்கு இதனால் என்ன லாபம், இந்த ஆளுக்கு மட்டும் ஏன், பணம் உண்மையிலேயே போகுமா? இதற்குப் பதில் இல்லாத ஃபைலில் எத்தனை கோடி டர்ன்ஓவர் காட்டினாலும் அது பாதி ஃபைல்தான்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 220-ஆம் பிரிவு. படிப்புக் கட்டணம், தங்கிச் சாப்பிடும் செலவு, போகவர டிக்கெட், இந்த மூன்றுக்கும் போதுமான பணம், கனடாவில் வேலை செய்யாமலேயே, கைக்கு எட்டும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதிகாரி பெர்மிட் கொடுக்கக் கூடாது. "அங்கே போய் வாரம் 24 மணி நேரம் பார்ட் டைம் பார்த்துச் சமாளித்துக்கொள்வேன்" என்று விண்ணப்பத்தோடு வைக்கிற விளக்கக் கடிதத்தில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை செய்ய அனுமதி உண்டு என்பது வேறு, அந்தச் சம்பளத்தைக் கணக்கில் காட்டலாம் என்பது வேறு.

தங்குசெலவுக்குக் கனடாவின் குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி. வைத்திருந்த தொகை பல வருடங்களாக 10,000 கனடிய டாலரிலேயே கிடந்தது. 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. இது ஒற்றை ஆளுக்கு, கியூபெக் தவிர மற்ற மாகாணங்களுக்கு. மனைவியும் ஒரு குழந்தையும் கூட வந்தால் 35,040. வருடக் கட்டணம் 32,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒற்றை ஆளுக்கு மொத்தம் 54,895. டாலருக்கு 64 ரூபாய் போட்டால் 35 லட்சத்துக்கு மேல், டிக்கெட் தனி. எத்தனை வருடப் படிப்பாக இருந்தாலும் முதல் வருடப் பணத்தைத்தான் முழுசாகக் காட்ட வேண்டும். ஆனால் அடுத்த வருடத்துக்கும் வழி இருக்கிறது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும்.

என்னென்ன ஆதாரம் காட்டலாம் என்ற பொதுப் பட்டியலும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. கடந்த 4 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், கனடா பேங்க்கில் போடும் ஜி.ஐ.சி. என்ற டெபாசிட், கல்விக் கடன், ஏற்கெனவே கட்டணம் கட்டிய ரசீது, பணம் கொடுக்கும் நபரோ கல்விக்கூடமோ எழுதிய கடிதம் என்று போகும். முதலாளி என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஸ்டடி பெர்மிட் விண்ணப்பமான ஐ.எம்.எம். 1294 ஃபார்மில் செலவை யார் ஏற்பார் என்ற இடத்தில் நானே, பெற்றோர், மற்றவர் என்றுதான் இருக்கும். கம்பெனி அந்த மற்றவருக்குள் போகிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நம் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க விசாவுக்குச் சென்னை அண்ணா மேம்பாலம் பக்கம் வரிசையில் நின்று ஜன்னல் முன்னால் போனால் வாயால் எதையாவது விளக்கிவிடலாம். கனடாவில் பெரும்பாலும் நேர்காணலே இல்லை. நம்மை ஒரு முறைகூடப் பார்க்காத அதிகாரி ஸ்கிரீனில் பி.டி.எஃப்.-ஐத் தள்ளிக்கொண்டே போய் முடிவெடுக்கிறார். எனக்குத் தெரிந்து ஸ்பான்சர் கடிதம் சரியில்லாமல் போவதற்குப் பெரிய காரணம், எழுதுகிறவருக்கு இது நினைவில் இல்லாததுதான். உள்ளூர் பேங்க்கில் வீட்டுக் கடன் கேட்பவனுக்குக் கொடுக்கிற சர்டிஃபிகேட் மாதிரி நாலு வரி அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸில் முதலில் தயாரானதும் அப்படித்தான்: "இன்னார் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார், நன்னடத்தை உள்ளவர், அவருடைய உயர்கல்விச் செலவு அனைத்தையும் நாங்கள் ஏற்கிறோம்." அனைத்தையும் என்றால் எவ்வளவு? எப்போது? எந்தக் கணக்கிலிருந்து? தேதி போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

சரி, அந்தக் கடிதம் என்னவாக மாறியது என்று சொல்கிறேன். பையன் போக நினைத்தது ஒன்டாரியோவில் ஹாமில்டன், மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங் மாஸ்டர்ஸ். ஹாமில்டன் கனடாவின் இரும்பு ஊர். அந்த நாட்டு அரசின் உலோக ஆய்வுக்கூடமான கான்மெட் மெட்டீரியல்ஸும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஃபவுண்டரி பம்ப், வால்வு வார்ப்புகள் செய்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கு டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வார்ப்பு கேட்டு ஆர்டர் வரும். அதில் ஆறவிடும் வேகம் கொஞ்சம் தப்பினாலும் சிக்மா ஃபேஸ் என்ற கெட்ட கட்டமைப்பு உலோகத்துக்குள் உருவாகி வார்ப்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், லாட்டோடு ரிஜெக்ட். இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. எம்.டி. இந்தப் பையனை அனுப்ப நினைத்ததே இதற்காகத்தான். ஆனால் முதலில் அடித்த கடிதத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை! "அதெல்லாம் நம்ம பட்டறை விஷயம், கனடாக்காரனுக்கு எதுக்குங்க?" என்றார் அக்கவுண்டன்ட்.

கனடாக்காரனுக்குத்தான் அது வேண்டும். இதே மெட்டலர்ஜி கோவையில் பி.எஸ்.ஜி. டெக்கில் இருக்கிறது, திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது. உள்ளூரில் குறைந்த செலவில் படிக்க வழியிருக்க ஏன் இங்கே என்று மறுப்புக் குறிப்பில் எழுதுவது அங்கே சகஜம். அதனால் கடிதத்தின் இரண்டாம் பத்தியை இப்படி மாற்றினோம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: "எங்கள் ஏற்றுமதி வால்வு வார்ப்புகளில் டூப்ளெக்ஸ் ரகத்தில் நிராகரிப்பு அதிகம். உறைதல் சிமுலேஷனிலும் வெப்பப் பதப்படுத்தலிலும் பயிற்சி பெற்ற ஒருவர் எங்களுக்குத் தேவை. இணைப்பில் உள்ள பாடத்திட்டத்தில் இந்த இரண்டும் இருக்கின்றன. படிப்பு முடிந்து திரும்பியதும் இவர் இந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்பார்." அடுத்த பத்தியில் பணம்: முதல் வருடக் கட்டணம் இவ்வளவு, தங்குசெலவு இவ்வளவு, பயணம் இவ்வளவு, எந்தெந்த மாதம் எந்த பேங்க் கணக்கிலிருந்து போகும். அடுத்து வேலை: சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், படிப்பு விடுப்பு எதிலிருந்து எதுவரை, விடுப்பில் சம்பளம் உண்டா இல்லையா. கடைசியில் கையெழுத்து போடுகிறவர் யார், அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது.

விடுப்பு விஷயத்தை மழுப்பக் கூடாது. ராஜினாமா செய்துவிட்டுப் போகிற ஆளுக்குக் கம்பெனி ஏன் பணம் கட்டுகிறது? சம்பளத்தோடு விடுப்பு என்றால் அந்தச் சம்பளம் எந்த வேலைக்கு? அங்கிருந்தபடி ரிமோட்டில் வேலை செய்யச் சொல்கிறீர்களா, அப்படியென்றால் முழுநேரப் படிப்பு எப்படி? கேட்க ஆளில்லாத இடத்தில் நாமே கேட்டு நாமே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

பெர்மிட்டை மறுக்க அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு காரணம், தங்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவார் என்று நம்பவில்லை என்பது. இந்த ஒரு இடத்தில் மட்டும் கம்பெனிக் கடிதம் அப்பா கடிதத்தைவிட உண்மையிலேயே மேல். திரும்பி வந்தால் வேலை இருக்கிறது என்று அப்பாவால் எழுத முடியாது. நாங்கள் எழுதினோம், கூடவே திரும்பி வந்து மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட் ஒப்பந்தமும் வைத்தோம். பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஒரு பேச்சு உண்டு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் வேலை பார்க்காமல் போனால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொன்னது. தொகை நியாயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கோடி என்று போட்டு மிரட்டினால் கோர்ட்டிலும் நிற்காது, படிக்கிற அதிகாரியும் இது என்ன கொத்தடிமை ஒப்பந்தமா என்று யோசிப்பார்.

இனி உண்மையான தலைவலிக்கு வருகிறேன். கம்பெனி பேங்க் ஸ்டேட்மென்ட்.

எம்.டி.யிடம் கேட்டதும், "ஏனுங்க, என்ற பேங்க் கணக்கைக் கடல் தாண்டிப் போய் எதுக்குங்க காட்டோணும்? பையனுக்குப் பணம் தர்றேன்னு சொன்னாப் போதாதுங்களா?" என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். அந்த ஸ்டேட்மென்ட்டில் எந்த கஸ்டமர் எவ்வளவு கொடுக்கிறார், எந்த ஸ்கிராப் வியாபாரிக்கு எவ்வளவு போகிறது என்று தொழில் ரகசியம் முழுதும் கிடக்கிறது. ஆனால் பிரச்சினை ரகசியம் மட்டுமில்லை. கோவையில் பாதிக்கு மேற்பட்ட பட்டறைகள் மாதிரி நாங்களும் சி.சி. அக்கவுண்டில், அதாவது கேஷ் கிரெடிட் கடன் கணக்கில்தான் ஓடுகிறோம். சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடு காட்டி பேங்க் ஒரு லிமிட் கொடுக்கும், அதற்குள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்போம். அந்தக் கணக்கின் பேலன்ஸ் எப்போதும் மைனஸில் இருக்கும். நம் பேங்க் மேனேஜருக்கு அது ஓடுகிற, ஆரோக்கியமான கணக்கு. தனிநபர் சேமிப்புக் கணக்குகளையே பார்த்துப் பழகிய ஒருவருக்கு அது கடனில் மூழ்கிய கம்பெனி. தன் கணக்கே மைனஸில் இருப்பவர் இன்னொருவருக்கு 35 லட்சம் எப்படிக் கொடுப்பார்?

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. சி.சி. கணக்கைக் காட்டவே வேண்டாம். படிப்புக்கான தொகையைத் தனியாக ஒரு எஃப்.டி.யில் போட்டு, அது எந்தக் கடனுக்கும் ஈடாக, அதாவது லியன் வைக்கப்படவில்லை என்று பேங்க்கிடமே எழுதி வாங்கிக்கொள்ளலாம். கைக்கு எட்டும் பணம் என்று விதி சொல்கிறதே, அதற்கு இதைவிட நேரான பதில் இல்லை. லியன் இல்லை என்ற வரி முக்கியம். லோனுக்கு ஈடாக வைத்த எஃப்.டி.யை எடுத்துச் செலவு செய்ய முடியாது, அது பேப்பரில் மட்டும் இருக்கிற பணம். கூட ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட், லாப நட்டக் கணக்கு, கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன். ஆடிட்டர் கொடுக்கும் சர்டிஃபிகேட்டில் யூ.டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து எல்லா ஆடிட்டர் சர்டிஃபிகேட்டுக்கும் அது கட்டாயம், அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எம்.டி. இதற்கு ஒத்துக்கொண்டார், கஸ்டமர் பெயர் எதுவும் வெளியே போகாதே.

இதைவிட ஒரு படி மேல், வாக்குறுதியைச் செலவாகவே மாற்றிவிடுவது. முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பகுதியை யுனிவர்சிட்டிக்கே கட்டி ரசீது வைத்தால் அந்த அளவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணத்தை யார் அனுப்புவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. வருடத்துக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம் என்கிற ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் தனிநபருக்கு மட்டும், கம்பெனிக்குக் கிடையாது. கம்பெனி நேராக அனுப்பினால் பேங்க் வேறு காகிதங்கள் கேட்கும். நடைமுறையில் பலர் கம்பெனியிலிருந்து ஊழியரின் கணக்குக்கு மாற்றி, ஊழியர் தன் பெயரில் ஏ2 என்ற வெளிநாட்டுப் பண அனுப்பீட்டு ஃபார்ம் கொடுத்து அனுப்பும்படி செய்கிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் டி.சி.எஸ். என்ற வரியைப் பேங்க்கிலேயே பிடிப்பார்கள், ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்த வழியில் போனால் ஊழியரின் ஸ்டேட்மென்ட்டில், மாதம் 40,000 சம்பளம் விழுந்துகொண்டிருந்த கணக்கில், ஒரு நாள் திடீரென்று பத்துப் பதினைந்து லட்சம் வந்து நிற்கும். விளக்கமில்லாத பெரிய டெபாசிட் என்று அதிகாரி குறித்துக்கொள்வது இதைத்தான். எனவே விளக்கக் கடிதத்தில் அந்த வரியைக் கைகாட்டியே எழுத வேண்டும்: இந்தத் தேதியில் வந்த இந்தத் தொகை, கம்பெனி போர்டு இந்தத் தேதியில் எடுத்த தீர்மானத்தின்படி வந்தது, தீர்மானம் இந்தப் பக்கத்தில்.

அந்தப் பணம் கொடையா, கடனா, சம்பளத்தின் பகுதியா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வரி ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி, அது ஆடிட்டர் பாடு. கடிதத்தில் ஸ்பான்சர்ஷிப் என்று எழுதிவிட்டு அக்கவுண்ட்ஸில் ஸ்டாஃப் லோன் என்று ஏற்றிவைத்தால் ஸ்டேட்மென்ட்டில் வரும் விவரக் குறிப்பே, அதாவது பேங்க் நரேஷனே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் இதில் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்வதற்கு மதிப்பு கொஞ்சம், கம்பெனியைப் பற்றி வேறொருவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். லெட்டர்ஹெட்டை எவனும் அச்சடிக்கலாம், சாலரி ஸ்லிப்பை எக்ஸெலில் அடித்துவிடலாம். ஆனால் பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருப்பதைப் பின்தேதியிட்டுச் செய்ய முடியாது. கம்பெனி கொடுக்கும் சம்பள வரிச் சான்றான ஃபார்ம் 16-ம், வருமான வரித் துறைக் கணக்கில் இருக்கும் 26ஏ.எஸ்.-ம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கம்பெனியின் பதிவு எண்ணான சி.ஐ.என்.-ஐ அரசுத் தளத்தில் தட்டினால் டைரக்டர்கள் பெயர் வரும், கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அதில் இருக்கிறாரா என்று பார்த்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் போர்டு தீர்மானம், பார்ட்னர்ஷிப் என்றால் எல்லாப் பங்காளிகளின் ஒப்புதல், தனி உரிமையாளர் என்றால் அவருடைய சொந்த ரிட்டர்னும் சேர்த்து. பல வருடம் கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, பி.எஃப். எதுவும் இல்லாமல், விசாவுக்காக மட்டும் திடீரென்று "சீனியர் மேனேஜர்" ஆகிறவர்களுக்கு இங்கேதான் இடிக்கும்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் இருக்கிறது, இனிஷியல். கம்பெனி ரெஜிஸ்டரில் இனிஷியல் முன்னால் வரும், பேங்க்கில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்று காகிதம், மூன்று ஆள். நமக்கு இது பழகிப்போனதால் கண்ணிலேயே படாது. எங்கள் பையனுக்குக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போட்டு, பாஸ்போர்ட் எண்ணையும் எம்ப்ளாயி எண்ணையும் பக்கத்திலேயே எழுதி, இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கினோம். பழைய கூட்டுறவு வங்கிப் பாஸ்புக் தமிழில் இருந்தால் அதற்கு மொழிபெயர்ப்பும் வேண்டும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில்.

திருப்பூரில் என் சித்தி மகனுக்கு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அவனுடைய மாமா பனியன் எக்ஸ்போர்ட் செய்கிறார், வசதியானவர். "அம்மாவின் தம்பி கொடுக்கிறார்னு போட்டா ஸ்ட்ராங்கா இருக்காது, கம்பெனி ஸ்பான்சர்னு போட்டுடலாம்" என்று ஒரு ஏஜென்ட் யோசனை சொல்லியிருக்கிறார். பையனை மெர்ச்சண்டைசர் ஆக்கி, கடிதம் அடித்து, டர்ன்ஓவர் கோடிகளில் காட்டி அனுப்பினார்கள். மறுப்பு வந்தது. நிதி நிலைமை போதாது என்றும், வரும் நோக்கம் பொருந்தவில்லை என்றும். வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம், இவ்வளவு பெரிய கம்பெனியைக் காட்டியும் பணம் போதாதாமே! கம்பெனியில் பணம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பணம் இந்தப் பையனுக்கு ஏன் வரும் என்பதை நம்பவில்லை. சேர்ந்து சில மாதமே ஆன, பி.எஃப். இல்லாத மெர்ச்சண்டைசருக்கு, சைபர் செக்யூரிட்டி டிப்ளமாவுக்கு, எந்தப் பனியன் கம்பெனி லட்சக்கணக்கில் கொடுக்கும்? மாமா மாமாவாகவே வந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உறவுமுறைக்கான சான்று, அவருடைய ரிட்டர்ன், 4 மாத ஸ்டேட்மென்ட், அக்கா மகனைப் படிக்க வைக்கிறேன் என்று ஒரு நேரான கடிதம். நம்மூரில் தாய்மாமன் செய்கிற காரியம்தானே அது. கொஞ்சம் விளக்கினால் அங்கேயும் புரியும்.

அதோடு இதில் வேறு ஆபத்தும் உண்டு. பொய்யான வேலைச் சான்று என்று முடிவு செய்துவிட்டால் அது வெறும் மறுப்போடு நிற்காது. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் தவறான தகவல் கொடுத்தவருக்கு 5 வருடத் தடை இருக்கிறது. ஏஜென்ட் அடித்த கடிதம் என்றாலும் விண்ணப்பதாரர்தான் பொறுப்பு. நாலு மாதத்துக்கு வட்டிக்குப் பணம் வாங்கி அக்கவுண்டில் போட்டுக் காட்டுவதும் இதே குழிக்குத்தான் கொண்டுபோகும். சித்தி மகன் தப்பித்தான், வெறும் மறுப்போடு போயிற்று.

மறுப்பு வந்தால் அப்பீல் என்று ஒன்று கிடையாது. ஃபெடரல் கோர்ட்டில் மறுபரிசீலனை கேட்கலாம், இந்தியாவில் இருந்து விண்ணப்பித்தவருக்கு 60 நாள் கெடு, செலவும் அதிகம். பெரும்பாலானவர்கள் மறுபடி விண்ணப்பிக்கத்தான் செய்கிறார்கள். 150 டாலர் கட்டணத்தை மறுபடி கட்டிவிட்டு அதே காகிதங்களை அதே வரிசையில் ஏற்றினால் அதே பதில்தான் வரும். முதலில் அதிகாரி எழுதிய குறிப்பை வாங்கிப் படிக்க வேண்டும். ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்பார்கள், கனடாவில் இருக்கும் ஒருவர் மூலம் 5 டாலருக்குக் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தில் இருக்கிற பொதுவான வரிகளைவிட இதில் விஷயம் இருக்கும். சித்தி மகனின் அடுத்த விண்ணப்பத்தில் மாமாவை மாமாவாகவே போடச் சொல்லியிருக்கிறேன். பழைய விண்ணப்பத்தில் கம்பெனி என்று இருந்ததை மறைக்காமல், இரண்டும் ஒரே ஆளின் பணம்தான், இப்போது உறவினராகத் தருகிறார் என்று விளக்கக் கடிதத்தில் எழுதச் சொன்னேன். பழைய ஃபைல் அவர்கள் கையிலேயே இருக்கிறதே.

காகிதங்களை ஆன்லைனில் ஏற்றும்போது ஒரு விஷயம். பண ஆதாரத்துக்கு ஒரே ஒரு இடம்தான் கொடுப்பார்கள், ஃபைல் அளவு 4 எம்.பி.யைத் தாண்டக் கூடாது. நாற்பது பக்கத்தையும் மொபைலில் படம் பிடித்துச் சுருக்கிப் போட்டால் முத்திரை எது, கையெழுத்து எது என்று தெரியாது. ஸ்கேனரில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, முதல் பக்கத்தில் எந்தக் காகிதம் எத்தனாவது பக்கம் என்று ஒரு பட்டியல் போட்டோம். அதற்கும் மேலே ஒரு சின்ன அட்டவணை: தேவைப்படும் தொகை ஒரு பக்கம், அது எங்கிருந்து வருகிறது என்பது மறுபக்கம், இரண்டும் டாலரில். அதிகாரியைக் கூட்டிக் கழிக்க விடக் கூடாது.

எங்கள் பையனுக்குப் பெர்மிட் வந்தது. இப்போது அக்கவுண்ட்ஸில் அவன் பெயரில் ஒரு ஃபைல் திறந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டெர்முக்கும் அனுப்பிய பணத்தின் பேங்க் அட்வைஸ், யுனிவர்சிட்டி ரசீது இரண்டும் அதில் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பெர்மிட்டை நீட்டிக்க வேண்டி வந்தால் பண ஆதாரத்தை மறுபடி கேட்பார்கள். சொன்னபடி கம்பெனி கட்டியிருக்கிறது என்று காட்ட அப்போது அந்த ரசீதுகள் போதும். முதல் டெர்ம் பணத்தை மார்ச் முடிவு நெருக்கடியில் தள்ளிப்போடலாமா என்று அக்கவுண்டன்ட் கேட்டார். கடிதத்தில் மாதம் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறோம் என்று காட்டினேன், அனுப்பிவிட்டார்.